விடுதலை உறுதிமொழியும் தங்கவயல் தமிழரும்

பாலாற்றின் கரையில் அமைந்த பழம்பதி பேத்தமங்களா. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, கோலார் மண்ணைக் கடந்து, ஆந்திர நிலத்தில் சிறிது தவழ்ந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே கடலை நாடிச் செல்கிறது. ஆறு கிழக்கு நோக்கி இறங்க, நம் முன்னோர் அதற்கு எதிர்த் திசையில் ஏறி வந்தனர். வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும், வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, தங்கம் விளையும் வயலைத் தேடி மேட்டுநிலம் அடைந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். விசயாதித்தமங்கலம் என்பதே பேத்தமங்களாவின் பழம்பெயர் என்றும், அதன் ஏரிக்கரை உடைந்தபோது பத்தாம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் ஒருவன் அதனைச் செப்பனிட்டான் என்றும் கல்வெட்டாய்வாளர் கூறுவர். அந்த ஊரின் நீரே பிற்காலத்தில் குழாய்கள் வழியே தங்கவயலுக்குச் சென்றது. சுரங்கத்தில் உழைத்துக் களைத்துத் திரும்பியவர்களின் தாகத்தை அது தணித்தது.

இந்த ஊரையும் இந்த நீரையும் மனத்திற் கொண்டு ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறோம். பாரத நாடு தன் விடுதலையை எப்போது, எந்தச் சொற்களால் உலகுக்கு அறிவித்தது? அச்சொற்களில் பாலாற்றங்கரையில் குடியேறிய உழைப்பாளிக்கு இடம் இருந்ததா? முதல் வினாவுக்கு நூல்கள் விடை தருகின்றன. இரண்டாம் வினாவுக்கு நம் வரலாற்றை நாமே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

இராவிக் கரையில் ஒரு நள்ளிரவு

1947 ஆகஸ்டு 15 நாம் விடுதலை பெற்ற நாள். 1950 சனவரி 26 நாம் குடியரசு ஆன நாள். இவற்றைச் சிறுவரும் அறிவர். சனவரித் திங்களின் 26ஆம் நாளை ஏன் தேர்ந்தனர் என்று கேட்டால் பெரியவர்களும் சற்றே தயங்குவர். அந்த நாளுக்குப் பின்னே இருபது ஆண்டுக் கால வரலாறு உண்டு.

1921இல் அகமதாபாத்துப் பேராயத்தில் அசரத் மோகானி என்னும் கவிஞர், அந்நியத் தொடர்பு முற்றும் அற்ற முழு விடுதலையே குறிக்கோள் எனத் தீர்மானம் கொணர்ந்தார். காந்தியடிகள் அதனை எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. ஆறு ஆண்டுகள் கழிந்தன. 1927 டிசம்பரில் நம் சென்னை மாநகரில், டாக்டர் அன்சாரியின் தலைமையில் பேராயம் கூடியபோது, முழு விடுதலையே இந்திய மக்களின் குறிக்கோள் என்னும் தீர்மானம் நிறைவேறிற்று. அதனைக் கொண்டுவந்தவர் இளைஞர் சவகர்லால் நேரு. விடுதலைச் சொல் பேராயத்தின் ஏற்பினை முதலில் பெற்ற இடம் தமிழகத்தின் தலைநகர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

ஆயினும் கருத்து வேறுபாடு தீரவில்லை. கனடாவும் ஆத்திரேலியாவும் பெற்றிருந்த குடியேற்ற நாட்டுத் தகுதியே போதும் என்றனர் மூத்தோர் சிலர். 1928இல் மோதிலால் நேரு குழுவின் அறிக்கையும் அதனையே பரிந்துரைத்தது. போதாது என்றனர் இளையோர். அவர்கள் அமைத்த இந்திய விடுதலைச் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர் தமிழ்நாட்டின் எஸ். சீனிவாச ஐயங்கார். அவ்வாண்டு இறுதியில் கல்கத்தாவில் ஓர் இணக்கம் காணப்பட்டது. ஓராண்டுக்குள் ஆங்கில அரசு குடியேற்ற நாட்டுத் தகுதியை வழங்காவிடில், முழு விடுதலையே குறிக்கோளாகும் என முடிவாயிற்று.

ஓராண்டு முடிந்தது. 1929 அக்டோபர் 31ஆம் நாள் அரசப் பிரதிநிதி இர்வின் வெளியிட்ட அறிக்கை, குடியேற்ற நாட்டுத் தகுதியைத் தொலைவில் காட்டியதேயன்றி நாள் குறித்துக் கையில் தரவில்லை. 1929 டிசம்பர் இறுதியில் இலாகூரில், இராவி ஆற்றங்கரையில், கடுங்குளிரில் பேராயம் கூடியது. நாற்பது வயதே நிரம்பிய சவகர்லால் தலைமை ஏற்றார். முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேற, டிசம்பர் 31 நள்ளிரவில் மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. 1930 சனவரியின் கடைசி ஞாயிறாகிய 26ஆம் நாளை விடுதலை நாளாகக் கொள்வதென்றும், அன்று ஊர்தோறும் மக்கள் கூடி ஓர் உறுதிமொழியை ஏற்பதென்றும் செயற்குழு முடிவு செய்தது. அந்த உறுதிமொழியே நம் நாட்டின் விடுதலைச் சாசனம்.

உறுதிமொழி கூறியது என்ன?

காந்தியடிகள் வகுத்த அவ்வுறுதிமொழி அளவிற் சிறியது; பொருளிற் பெரியது. பிற மக்களைப் போலவே இந்திய மக்களுக்கும் விடுதலை பெறவும், தம் உழைப்பின் பயனைத் தாமே துய்க்கவும், வாழ்வுக்கு வேண்டியன பெறவும் பறிக்கவியலாத உரிமை உண்டு என்று அது தொடங்குகிறது. ஓர் அரசு இவ்வுரிமைகளைப் பறித்து மக்களை ஒடுக்குமாயின், அவ்வரசை மாற்றவும் நீக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று அடுத்துச் சொல்கிறது.

இவ்விரண்டாம் கருத்து 1776 சூலை 4ஆம் நாள் அமெரிக்கக் குடியேற்றங்கள் வெளியிட்ட விடுதலை அறிக்கையை நினைவூட்டும். செபர்சன் வகுத்த அவ்வறிக்கையும் மக்களின் இசைவே அரசின் அடிப்படை என்றது. இசைவு போனால் அரசும் போகலாம் என்றது. கொடுங்கோன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்து, மன்னவனையும் அறத்தின் தராசில் நிறுத்திய வள்ளுவரைப் படித்த நமக்கு இக்கருத்து முற்றும் அயலானதன்று. ஆயினும் மன்னவனுக்கு அறிவுரை கூறுவது வேறு. மன்னவனை நீக்கும் உரிமை மக்களுடையது என்பது வேறு. பின்னதை நாட்டின் ஊர்கள்தோறும் எளிய மக்கள் வாய்திறந்து சொன்ன நாள் 1930 சனவரி 26.

அமெரிக்க அறிக்கை அரசனின் குற்றங்களை வரிசைப்படுத்தியது போலவே, நம் உறுதிமொழியும் ஆங்கில ஆட்சி இழைத்த கேட்டை நால்வகையாகப் பகுத்துரைத்தது. பொருளியல், அரசியல், பண்பாடு, ஆன்மநிலை என்பன அந்நான்கு. பொருளியல் கேட்டைச் சொல்லுமிடத்தில் அது கணக்கே காட்டுகிறது. இந்தியன் ஒருவனின் சராசரி வருவாய் நாளொன்றுக்கு ஏழு பைசா. அக்கால ரூபாய்க்கு 64 பைசா என்பதை நினைவிற் கொள்க. வரிச்சுமையில் 20 விழுக்காடு உழவரிடம் பெறும் நிலவரி; 3 விழுக்காடு ஏழையை அழுத்தும் உப்புவரி. கைநூற்புப் போன்ற ஊர்த்தொழில்கள் அழிந்தமையால் உழவர் ஆண்டில் நான்கு திங்களேனும் வேலையின்றி இருக்கின்றனர். இவ்வாறு வாழ்வின் கணக்கை அடுக்கிக் காட்டியபின், இத்தகைய ஆட்சிக்கு இனியும் அடங்குதல் மனிதனுக்கும் இறைவனுக்கும் எதிரான குற்றம் என அது முடிவு கூறுகிறது. ஆயினும் வன்முறை வழியன்று. ஒத்துழையாமையும் வரிகொடாமையும் உட்பட்ட சட்டமறுப்பே வழி என்கிறது.

அமெரிக்க அறிக்கை போர் தொடங்கிய பின் வந்தது. நம் உறுதிமொழி வாளெடுக்க மறுத்து வந்தது. அங்கே பேராளர் 56 பேர் கையொப்பமிட்டனர். இங்கே பெயர் அறியாத பல்லாயிரவர் கையுயர்த்தினர். இவ்வேறுபாடுகள் சிறியன அல்ல.

அதே ஆண்டில் தங்கவயலில்

இனி நம் வயலுக்கு வருவோம். 1880ஆம் ஆண்டு முதல் சான் டெய்லர் குழுமத்தார் கோலார் தங்கச் சுரங்கங்களை நடத்திவந்தனர். 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி இழுத்து இங்கே மின்விசை கொணர்ந்தனர். இந்நாட்டின் பெருநகரங்கள் பலவற்றிலும் விளக்கெரியாத காலத்தில் தங்கவயலில் மின்விசை ஓடிற்று. அந்த விசை முதலில் எந்திரங்களுக்கே உரியதாயிற்று. உழைப்பாளரின் லயன் வீடுகளில் அகல்விளக்கும் மண்ணெண்ணெய் விளக்குமே நெடுங்காலம் நின்றன. நிறுவனங்கள் இலண்டனில் பதிவானவை. ஆதாயம் அங்குள்ள பங்குதாரருக்கு. மைசூர் அரசுக்கு உரிமத்தொகை. தரைக்குக் கீழே வெப்பத்தில் பாறை உடைத்துச் சிலிக்காத் தூளை நுரையீரலில் ஏற்றவனுக்குக் கூலி. உழைப்பின் பயனை உழைப்பவனே துய்த்தல் வேண்டும் என்னும் உறுதிமொழியின் முதல் வரியை உரைத்துப் பார்ப்பதற்கு இதனினும் பொருத்தமான உரைகல் வேறு உண்டோ?

1930 ஏப்ரல் திங்கள் 6ஆம் நாள் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். அதே திங்கள் 13ஆம் நாள் இராசாசி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கிப் புறப்பட்டார். அதே ஏப்ரலில் தங்கவயல் உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் சுரங்கத்தில் இறங்க மறுத்து நின்றனர். காரணம் உப்பு அன்று, பெருவிரல். உழைப்பாளர் ஒவ்வொருவரையும் பதிவு செய்து விரல்ரேகை எடுக்க நிருவாகம் முற்பட்டது. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் ஏன் எடுக்கிறீர் என்பதே அவர்களின் சினம். ஏற்கெனவே வாயிலில் சோதனை, வாழிடத்தில் கண்காணிப்பு, தங்கத் திருட்டைத் தடுப்பதென்னும் பெயரால் எவர்மீதும் ஐயம் என வாழ்ந்தவர்கள் அவர்கள். கூலிக்காக மட்டும் எழுந்த போராட்டமாக அதனைக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. மானத்துக்காக எழுந்த போராட்டம் அது.

விடுதலை உறுதிமொழியை அவர்கள் படித்துவிட்டுப் போராடினர் என்று நாம் கூறவில்லை. மைசூர் சமத்தானத்தில், மன்னராட்சியின் கீழ், குழுமத்தின் ஆளுகைக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். பேராயத்தின் குரல் அன்று ஆங்கிலேயர் நேராக ஆண்ட மாகாணங்களை நோக்கியே பெரிதும் ஒலித்தது. சமத்தானங்களின் உள்விவகாரங்களில் நேரடியாகத் தலையிடுவதில்லை என்பதே பேராயத்தின் நெடுநாளைய நிலை. ஆயினும் ஓர் ஆண்டில், ஒரே வேனிலில், கடற்கரையில் ஒரு பிடி உப்பும் தங்கவயலில் ஒரு பெருவிரலும் ஒரே பொருளைப் பேசின. என் இசைவின்றி என்னை ஆளாதே என்பதே அப்பொருள்.

உறுதிமொழி சொல்லாமல் விட்டது

பெரியோர் வகுத்த சாசனத்தில் குறை காண்பது அடக்கமாகாது எனச் சிலர் கருதக்கூடும். குறை காணாத பற்று முழுமையான பற்று ஆகாது என்பது எங்கள் எண்ணம். அமெரிக்க அறிக்கையில் அடிமை வாணிகத்தைக் கண்டித்துச் செபர்சன் எழுதிய பகுதியைப் பேரவை நீக்கிவிட்டது. எல்லா மனிதரும் நிகர் என்று எழுதிய கையே அடிமைகளின் உடைமையாளர் கையாகவும் இருந்தது. அந்தக் குறையை நேர்செய்ய அந்நாடு ஓர் உள்நாட்டுப் போரையே நடத்த வேண்டியிருந்தது.

நம் 1930ஆம் ஆண்டு உறுதிமொழி அந்நியர் இழைத்த கேட்டை நால்வகையாகச் சொன்னது. நம்மவரே நம்மவர்க்கு இழைத்த கேட்டைச் சொல்லவில்லை. தீண்டாமை என்னும் சொல் அதில் இல்லை. 1940இல் உறுதிமொழி விரிக்கப்பட்டபோதே தீண்டாமை ஒழிப்பு அதில் இடம் பெற்றது. தங்கவயலுக்கு வந்தவருள் மிகப் பலர் எந்தக் கொடுமையிலிருந்து தப்பி வந்தனரோ, அக்கொடுமைக்கு முதற் சாசனத்தில் பெயரில்லாமற் போயிற்று.

ஆனால் அப்பெயரைத் தங்கவயல் தமிழர் அதற்கு முன்பே உரக்கச் சொல்லியிருந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907 சூன் 19ஆம் நாள் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு இங்கே ஊக்கமிக்க வாசகர் இருந்தனர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் தழைத்தது. சாம்பியன் ரீப்பில் அச்சுக்கூடமும் புத்தகசாலையும் எழுந்தன. பண்டிதர் 1914இல் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்' இதழை, 1926இல் சாம்பியன் ரீப்பிலிருந்தே மீண்டும் வெளிக்கொணர்ந்தவர் சி. அப்பாதுரையார். பகலில் சுரங்கம், இரவில் படிப்பு எனத் தம்மைத் தாமே ஆக்கிக்கொண்ட தலைமுறை அது. மனிதருள் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதே அவர்களின் விடுதலை அறிக்கை. அதற்கு நள்ளிரவுக் கொடியேற்றமும் இல்லை. வரலாற்று நூல்களில் பெரிய இடமும் இல்லை.

இவ்விரு நீரோட்டங்களும் பின்னாளில் ஒரிடத்தில் கலந்தன என்பதுதான் நாம் வியந்து மகிழத்தக்க செய்தி. அரசியலமைப்பின் முகப்புரையில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றும் இடம்பெற்றன. இவற்றைப் பிரெஞ்சுப் புரட்சியிடம் தாம் கடன் வாங்கவில்லை என்றும், தம் ஆசான் புத்தரின் போதனையிலிருந்தே பெற்றதாகவும் அண்ணல் அம்பேத்கர் 1954 அக்டோபர் 3ஆம் நாள் வானொலி உரையில் கூறினார். மாரிக்குப்பத்துச் சங்கத்தில் அமர்ந்து அதே போதனையைக் கேட்ட சுரங்க உழைப்பாளி அவ்வுரையைக் கேட்டிருந்தால், இது நம் வீட்டுப் பேச்சாயிற்றே என்று எண்ணியிருப்பான்.

குறிக்கோள் தீர்மானமும் ஒரு நவம்பரும்

தங்கவயல் அமைந்த கோலார் மாவட்டம் விடுதலைப் போரில் பின்தங்கியதன்று. 1938 ஏப்ரல் 25ஆம் நாள், அன்று இம்மாவட்டத்தில் இருந்த விதுராசுவத்தத்தில் கொடியேற்றக் கூடிய மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தென்னாட்டின் சாலியன்வாலா பாக் என்று அதனைக் கூறுவர். மைசூர் சமத்தானத்தில் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு 1940களின் தொடக்கத்திலேதான் கிட்டியது. 1946 நவம்பர் 4ஆம் நாள் தங்கவயலில் காவலர் சுட்டதில் உழைப்பாளர் அறுவர் உயிர் நீத்தனர். அந்நாளை இங்குள்ளோர் தியாகிகள் நாளாக நினைவுகூர்வர்.

அது நிகழ்ந்து 39 நாட்கள் கழித்து, 1946 டிசம்பர் 13ஆம் நாள், தில்லியில் அரசியல் நிருணய சபையில் சவகர்லால் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்மொழிந்தார். இந்தியா இறைமையுள்ள தன்னுரிமைக் குடியரசாகும். அதன் அதிகாரம் யாவும் மக்களிடமிருந்தே பிறக்கும். சமூக, பொருளியல், அரசியல் நீதியும், தகுதியிலும் வாய்ப்பிலும் சட்டத்தின் முன்னும் சமநிலையும் அனைவர்க்கும் உறுதி செய்யப்படும். சிறுபான்மையினர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் போதிய காப்பு அளிக்கப்படும் என அது கூறிற்று. 1930இல் கேட்டின் பட்டியலாக இருந்தது, 1946இல் ஆக்கத்தின் பட்டியலாக மலர்ந்தது.

டிசம்பர் 17ஆம் நாள் அம்பேத்கர் பேசினார். உரிமைகளைச் சொல்வது போதாது, பறிபோனால் மீட்கும் வழியையும் சொல்லுதல் வேண்டும் என்றார். பொருளியல் நீதி மெய்யாக வேண்டுமாயின் தொழில்களும் நிலமும் நாட்டுடைமையாக வேண்டாவா என்றும் வினவினார். கொச்சியைச் சேர்ந்த தாட்சாயணி வேலாயுதனும் ஒடுக்கப்பட்ட மக்களின் பெண்குரலாக அவ்வவையில் எழுந்து பேசினார். 1947 சனவரி 22ஆம் நாள் தீர்மானம் நிறைவேறிற்று.

1947 ஆகஸ்டு 15 வந்தபோதும் மைசூர் மக்களுக்குப் பொறுப்பாட்சி கிட்டவில்லை. மைசூர் செல்வோம் என்னும் கிளர்ச்சி செப்டம்பரில் எழுந்தது. அக்டோபரில் மன்னர் இணங்கினார். முதல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற கே. சி. ரெட்டி, நம் பகுதியைச் சேர்ந்த கியாசம்பள்ளியில் 1902இல் பிறந்தவர். அரசியல் நிருணய சபையிலும் உறுப்பினர். பாலாற்றுச் சீமையின் மைந்தர் ஒருவர் நாட்டின் சாசனத்தை ஆக்கிய அவையில் அமர்ந்திருந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாவா?

1949 நவம்பர் 26இல் அரசியலமைப்பு ஏற்கப்பட்டது. ஆயினும் அது முழுமையாக நடைமுறைக்கு வர இரண்டு திங்கள் காத்திருந்து, 1950 சனவரி 26ஐத் தேர்ந்தனர். இராவிக் கரையில் எடுத்த முடிவுக்கும் அதன்வழி நாடெங்கும் ஏற்ற உறுதிமொழிக்கும் செய்த மரியாதை அது.

நமக்கு உரியது எது?

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை நடுவண் அரசிடம் சென்றன. 1972இல் பாரத தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. அம்பேத்கர் அவையில் எழுப்பிய வினாவுக்குத் தங்கவயலில் ஒரு விடை கிடைத்தது போலத் தோன்றிற்று. ஆனால் தங்கத்தின் அளவு குறைந்தது, செலவு பெருகியது, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் நீர் நிரம்ப, மேலே சயனைடு மேடுகள் மட்டும் நின்றன. விடியுமுன் எழுந்து தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்வு நம் இளைஞர்க்கு வாய்த்தது. பாட்டன் பிழைப்புத் தேடி வந்த ஊரிலிருந்து பேரன் பிழைப்புத் தேடிப் போகிறான்.

இந்நிலையில் விடுதலைச் சாசனத்தால் நமக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு நாம் கூறுவது இது. அரசியல் நிருணய சபையில் 1949 நவம்பர் 25ஆம் நாள் ஆற்றிய இறுதியுரையில் அம்பேத்கர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அரசியலில் ஒருவர்க்கு ஒரு வாக்கு, ஒரு மதிப்பு என்னும் நிகர்மை வந்துவிட்டது. சமூகத்திலும் பொருளியலிலும் அது வரவில்லை. இம்முரணை விரைந்து நீக்காவிடில் எழுப்பிய மக்களாட்சிக் கட்டடமே தகர்ந்துவிடும் என்றார். ஆகவே சாசனம் என்பது பெற்றுக்கொண்ட பட்டயம் மட்டும் அன்று. இன்னும் தீர்க்கப்படாத கடன்பத்திரம். கடன்பத்திரத்தைப் பேழையில் பூட்டிவைத்துப் பூசை செய்வோர்க்குக் கடன் திரும்பாது. எடுத்துப் படித்துக் கேட்போர்க்கே திரும்பும்.

நாம் வந்தேறிகள் என்று எவரேனும் சொல்லும்போது நம் பிள்ளைகள் தலைகவிழ்தல் ஆகாது. இந்நாட்டின் சாசனத்தில் உழைப்பின் பயன் உழைப்பவனுக்கு என்று எழுதப்பட்டிருந்தால், அச்சொல்லுக்குப் பொருள் தந்தவருள் நம் முன்னோரும் உளர். கன்னட மண்ணில் தமிழ் பேசி வாழும் நாம், அண்டை வீட்டாரோடு நீரையும் நிழலையும் பகிர்ந்து வாழ்வதே முகப்புரை கூறும் சகோதரத்துவத்தின் நடைமுறை விளக்கம். பேத்தமங்களாவின் நீர் யார் வீட்டுக் குடத்தில் நிறைகிறது என்று பார்த்து ஓடியதில்லை.

ஆண்டுதோறும் சனவரி 26 வரும், கொடி ஏறும், இனிப்பு வழங்கப்படும். அன்று ஒருமுறையேனும் ஒவ்வொரு தமிழ் இல்லத்திலும் முகப்புரையைத் தாய்மொழியில் உரக்கப் படிக்கச் செய்வோம். படித்து முடித்தபின், பெருவிரலைத் தர மறுத்த பாட்டன்மாரின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். முன்னதைப் பள்ளியும் சொல்லித் தரும்; பின்னதை நாம் சொன்னால்தான் உண்டு.